உதவி: எல்டிஇ கோரிலேட்டரில் டைமிங் நிற்கவில்லை, அவசரம்

முகில்_ஆர்டிஎல்:
எல்டிஇ (4ஜி) செல் தேடலுக்கு, டவர் அனுப்பும் பிஎஸ்எஸ் என்ற அடையாள சிக்னலை ஒப்பிட்டுப் பிடிக்கும் கோரிலேட்டர் செய்திருக்கிறேன். சிமுலேஷனில் பீக் அழகாக வருகிறது. லேஅவுட் போனால் செட்டப் ஸ்லாக் மைனஸ், அதாவது ஒரு கிளாக்குக்குள் கணக்கு முடியவில்லை. டூலில் எதை மாற்ற வேண்டும்? நாளைக்கு ரிவ்யூ.

கேட்_லெவல்:
கிளாக் எவ்வளவு? எந்த பிராசஸ்? எவ்வளவு மைனஸ்?

தென்காசி_சிப்:
பார்க்காமலே சொல்வேன், பெருக்கல் விடைகளைக் கூட்டும் ஆடர் ட்ரீதான். 128 டேப் (டேப்புக்கு ஒரு பெருக்கல்) என்றால் 7 மட்டம் கூட்டல். மட்டத்துக்கு ஒரு ரெஜிஸ்டர் போடுங்கள்.

அலைவரிசை:
டிரான்ஸ்போஸ்டு ஃபார்முக்கு மாறினால் கூட்டல் டேப்புக்கு டேப் ரெஜிஸ்டர் வழியாக நகரும், ட்ரீயே வேண்டாம்.

தென்காசி_சிப்:
அப்புறம் இன்புட் 128 இடத்துக்கு ஓட வேண்டும். அந்த ஃபேன்அவுட்டை யார் சுமப்பது?

முகில்_ஆர்டிஎல்:
ஸ்கை130, 130 நானோமீட்டர் பிராசஸ். கிளாக் 122.88 மெகாஹெர்ட்ஸ், சாம்பிள் 1.92இல் வருகிறது. ஸ்லாக் மைனஸ் 9 நானோசெகண்ட். ட்ரீயில் ரெஜிஸ்டர் இல்லை.

பழைய_சிலிகான்:
தம்பி, 122.88ஐ 1.92ஆல் வகுத்துப் பார்த்ததுண்டா? 64. ஒரு சாம்பிளுக்கு 64 கிளாக் இருக்கிறது. இரண்டு காம்ப்ளெக்ஸ் மல்டிப்ளையரே மாறி மாறி வேலை செய்தால் 128 டேப்பும் முடிந்துவிடும். பிஎஸ்எஸ்ஸின் மூன்று வகையில் ரூட் 29ம் 34ம் ஒன்றுக்கொன்று கான்ஜுகேட் (கற்பனைப் பகுதியின் குறி மட்டும் எதிர்); அதே பெருக்கலில் குறியை மாற்றிக் கூட்டினால் இரண்டுக்கும் விடை. இதையெல்லாம் இப்போது யாரும் சொல்லித்தருவதில்லை போல.

கேட்_லெவல்:
நாளைக்கு ரிவ்யூ என்கிறார், நீங்கள் அஸ்திவாரத்தையே தோண்டச் சொல்கிறீர்கள். முகில், இருபக்க ரெஜிஸ்டரிலும் சாம்பிள் எனேபிள் இருந்தால் (சாம்பிள் வரும்போது மட்டும் மாறினால்) மல்டிசைக்கிள் கொடுங்கள், அதாவது இந்தப் பாதைக்குப் பல கிளாக் அவகாசம் உண்டு என்று டூலுக்குச் சொல்லுங்கள். செட்டப் 4, ஹோல்டு 3. ஹோல்டை விட்டால் டூல் பஃபராகக் கொட்டித் தள்ளும்.

பழைய_சிலிகான்:
நாளைக்கு யாராவது அந்த எனேபிளை மாற்றினால் சிப் போச்சு.

வேலூர்_வேஃபர்:
இரண்டு மல்டிப்ளையர்கூட எதற்கு? பிஎஸ்எஸ் சமச்சீர்தானே. ஜோடியை முதலில் கூட்டிவிட்டுப் பெருக்கினால் ஒன்றே போதும்.

தென்காசி_சிப்:
63 ஜோடி, தனியாக 2. மொத்தம் 65. 64 கிளாக்கில் எப்படி அடங்கும்?

வேலூர்_வேஃபர்:
ஒரு டேப்பை விட்டுவிடலாம். பீக்கில் தெரியவே தெரியாது.

பழைய_சிலிகான்:
ஆகா, பிரமாதம்.

வேலூர்_வேஃபர்:
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்யுங்கள் சார்.

அலைவரிசை:
அதிர்வெண்ணைத் தரும் கிரிஸ்டலைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. 1.8 ஜிகாஹெர்ட்ஸில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை) என்றால் 36 கிலோஹெர்ட்ஸ் விலகல். 128 சாம்பிளையும் ஒரே மூச்சில் கூட்டினால் 15 கிலோஹெர்ட்ஸிலேயே சரியான இடத்துப் பீக் படுத்துவிடும், பொய்ப் பீக் வேறெங்கோ கிளம்பும். 32 32ஆகப் பிரித்து, பவரைக் கூட்டுங்கள். வேலூர் சொல்கிற மாதிரி ஜோடி சேர்த்தால் அப்படிப் பிரிக்கவே முடியாது, ஜோடியின் இரு பாதியும் வெவ்வேறு துண்டில் விழும்.

முகில்_ஆர்டிஎல்:
மல்டிசைக்கிள் கொடுத்தேன், ஸ்லாக் பிளஸ். எல்லோருக்கும் நன்றி.

அலைவரிசை:
சரி, கிரிஸ்டல் எத்தனை பிபிஎம்?

அலைவரிசை:
முகில்?