ஒத்தோன்னா ஹெர்ரெய்: இலை முழுக்க உதிர்ந்துவிட்டது, உயிர் இருக்கிறதா?

பால்கனிக்காரி:
கேப்டவுனில் இருக்கிறேன். ஜூலையில் இங்கே நர்சரியில் வாங்கிய செடி. கட்டைவிரல் உயரம்தான், தண்டு இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும். வாங்கும்போது உச்சியில் நீலம் பூத்த பச்சை இலைகள், ஓரமெல்லாம் சுருள் சுருளாக. ஒரு மஞ்சள் பூவும் பூத்தது. இப்போது நவம்பர், மொட்டைக் குச்சி! தண்ணீர் விட்டும் துளிர்க்கவில்லை. வீட்டுக்காரர் தூக்கிப் போடு என்கிறார். பிழைத்தால் டிசம்பரில் மதுரைக்கு அம்மாவிடம் கொண்டுபோக ஆசை.

மணல்தொட்டி:
முதலில் தண்ணீரை நிறுத்துங்கள் அக்கா. இது ரிக்டர்ஸ்வெல்ட் என்னும், தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வறண்ட மலைப்பகுதியின் பாறைச் செடி. அங்கே மழை குளிர்காலத்தில்தான், அதுவும் கொஞ்சமே. இங்கே நவம்பரில் கோடை நெருங்குகிறது; கோடையில் இலையை வைத்திருந்தால் உள்ள ஈரமும் போய்விடும் என்று உதிர்த்துவிட்டுத் தூங்குகிறது. அந்த முடிச்சுகள் பழைய இலைகளின் அடிப்பாகம், நோய் இல்லை. தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். மெத்தென்று அமுங்கினால் அழுகல்.

கூழாங்கல்:
ஒரு சொட்டும் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை சின்னச் செடிக்கு மாதம் ஒருமுறை, சாயங்காலத்தில், தொட்டி ஓரமாகக் கொஞ்சம் விடலாம். மண்ணில் பாதிக்கு மேல் பொடிக்கல் இருக்கணும். இலை வந்தபிறகு வடக்குப் பார்த்த பால்கனியில் வையுங்கள், இங்கே குளிர்கால வெயில் அந்தப் பக்கம்தான். வெளிச்சம் குறைந்தால் இலை நீண்டு தொங்கிவிடும்.

பால்கனிக்காரி:
அழுத்திப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருக்கிறது! குச்சி இனி வீட்டுக்காரர் கண்ணில் படாத மூலையில். அப்புறம், பூத்ததே, விதை ஏன் பிடிக்கவில்லை? விதையையாவது அம்மாவுக்குக் கொண்டுபோகலாமே?

மணல்தொட்டி:
சூரியகாந்திக் குடும்பம் இல்லையா, ஒரு பூ என்று நாம் பார்ப்பது பல பூக்களின் கூட்டம். ஒத்தோன்னாவில் ஓரத்து இதழ்ப்பூக்கள்தான் விதை கட்டும், நடுவில் இருப்பவை மகரந்தம் மட்டும் தரும். பொதுவாக இன்னொரு செடியும் கூடவே பூத்தால்தான் பலன். இன்னொன்று வாங்கினால் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரிக்டர்ஸ்வெல்ட் இருக்கும் நமக்வாலாந்து வட்டாரத்தில் கோனோஃபைட்டம் என்னும் குட்டிச் சதைப்பற்றுச் செடிகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி மூட்டை மூட்டையாகக் கடத்துகிறார்கள். யாரோ பிடுங்கி வந்த செடி நமக்கு எதற்கு?

மதுரைக்கு வேண்டாம். செடியோ விதையோ, இந்தியாவுக்குள் கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் இங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அதையெல்லாம் வாங்கினாலும் மதுரைச் சூட்டை இது எங்கே தாங்கப் போகிறது? அம்மாவுக்கு அங்கேயே ஓர் அடினியம் (பாலைவன ரோஜா) வாங்கிக் கொடுங்கள், அந்த வெயிலில் ஜோராகப் பூக்கும்.