செகண்டரி சேம்பர் ரெண்டு செகண்ட்: எந்த விட்டத்தை எடுக்கணும்?

அவனியாபுரத்தான்:
பக்கத்து இழையில திருமங்கலத்துக்காரர் எழுதுறார்: "டிஸ்ப்ளேல 1050 டிகிரி காட்டுதுல்ல, அப்புறம் ரெண்டு செகண்ட் கணக்கு எதுக்கு? கன்சென்டை (மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை) இழுத்தடிக்கத்தான்." ஆஸ்பத்திரிக் கழிவு எரிக்கிற உலைங்க இது; முதல் அறையில வர்ற புகையை மறுபடி எரிக்கிற ரெண்டாவது அறைதான் செகண்டரி சேம்பர். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதியில ரெண்டும் தனித்தனி நிபந்தனை: அந்த அறையில வெப்பம் 1050 டிகிரி, ஐம்பது முன்னப்பின்ன, புகை தங்குறது குறைஞ்சது 2 செகண்ட். அவர் போட்ட படத்தையே எடுத்துக்கிறேன். வெளிவிட்டம் 1.9 மீட்டர், நீளம் 3, ரிஃப்ராக்டரி (உள்பக்கச் சூடு தாங்குற செங்கல்) சுத்திலும் 20 செ.மீ. அப்ப உள்விட்டம் 1.5, கொள்ளளவு 5.3 கன மீட்டர். ஸ்டாக்ல, அதாவது புகைபோக்கியில, மணிக்கு 2400 நார்மல் கன மீட்டர் (25 டிகிரிக்கு மாத்துன அளவு). 25 டிகிரியில இருந்து 1050க்குப் போனா 4.44 மடங்கு விரியும், செகண்டுக்கு 2.96 கன மீட்டர். தங்குறது 1.8 செகண்ட். எப்படி கன்சென்ட் குடுக்கிறது?

திருமங்கலம் ஆபரேட்டர்:
வாத்தியாரே, வணக்கம். பெயர்ப்பலகையில 1.9 இருக்கு. 1.9 போட்டா 8.5 கன மீட்டர், 2.87 செகண்ட். சப்ளையர் கையெழுத்துப் போட்ட கணக்கு இது.

அவனியாபுரத்தான்:
புகை செங்கல்லுக்குள்ள போகுமா? உள்விட்டம்தான். ரிஃப்ராக்டரி வெடிச்சு மேல பூச்சு போட்டா அதுவும் குறையும்.

மேலூர் ராசா:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. ஸ்டாக் அளவுல, சேம்பர் தாண்டினப்புறம் ஐ.டி. ஃபேன் (புகையை உறிஞ்சுற விசிறி) இழுக்குற கசிவுக் காத்தும் சேர்ந்திருக்கு. சேம்பர் வாய்ல ஆக்சிஜன் 9 சதவீதம், ஸ்டாக்ல 13ன்னா, காத்தோட 21ல இருந்து கழிச்சா 12ம் 8ம்; உள்ள ஓடுறது மூணுல ரெண்டு பங்குதான். 1.5லயே 2.7 செகண்ட் வந்துடும்.

அவனியாபுரத்தான்:
ராசாண்ணே, அந்த 9ஐ எங்க அளந்தீங்க? சேம்பர் வாய்ல ப்ரோப் (அளக்குற குழாய்) விட போர்ட்டே, அதாவது துவாரமே, படத்துல இல்ல. ஸ்டாக்ல 13 உண்மைன்னா தூசி அளவையும் 11 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்தணும்: 21ல 11 போனா 10, 13 போனா 8; 10ஐ 8ஆல வகுத்தா 1.25. அவர் பெருமையா போட்ட 45 மில்லிகிராம் 56 ஆயிடும், வரம்பு 50. அந்த 1050ஐயும் நம்ப முடியாது. வெப்பம் அளக்குற தெர்மோகப்பிள் பர்னர் சுவாலைக்கு நேரா இருக்கு, இருக்கவேண்டியது சேம்பர் கடைசியில. ஆய்வுக்குப் போறவங்க குளிர்ந்த உலையில இருந்து தொடங்கச் சொல்லணும். செகண்டரி வெப்பம் ஏறுறதுக்கு முன்னாடி லோடிங் கதவு திறந்தா, அதுவரைக்கும் கதவைத் திறக்க விடாத இன்டர்லாக்கைக் கழட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். பர்னர் டீசல் பில்லையும் லாக்புக் மணிக்கணக்கையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா மிச்சம் தெரியும்.

திருமங்கலம் ஆபரேட்டர்:
டீசல் பில்லைக் கேட்க நீங்க யாரு? வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு புகைஞ்சப்ப இந்தக் கால்குலேட்டர் எங்க போச்சு? போன வருசம் பேக் ஃபில்டர் (தூசி பிடிக்கிற துணிப்பை) இழையிலயும் இப்படித்தான் வந்து கெடுத்தீங்க.

மேலூர் ராசா:
வெள்ளக்கல் கதை எதுக்குப்பா இங்க? கசிவுக் காத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

அவனியாபுரத்தான்:
சொல்லியாச்சு, போர்ட் இல்ல. அடுத்த ஷட்டவுன்ல டேப்பை உள்ள விட்டு மூணு இடத்துல அளந்து போடுங்க. 1.5தான் வரும்.

திருமங்கலம் ஆபரேட்டர்:
உங்களுக்காக உலையை நிறுத்த முடியாது. பலகையில 1.9.