மறு: ‘லிங்க் பில்டிங்’ – ‘தொடுப்புத் திரட்டல்’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘பாக்லிங்க்’ என்பதற்கு, அதாவது பிறர் தளத்தில் சொடுக்கினால் நம் தளத்துக்குக் கொண்டுவரும் ‘லிங்க்’குக்கு, சென்ற மடலில் முன்மொழியப்பட்ட ‘பின்னிணைப்பு’ என்ற சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நூலின் இறுதியில் சேர்க்கப்படும் அட்டவணைகளையும் ஆவணப் படிகளையும் குறிக்க அச்சொல் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ‘உங்கள் இணையத்தளத்துக்குப் பின்னிணைப்புகள் தேவை’ என்று யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவருக்கு எழுதினால், அவர் தளத்தின் அடியில் விலைப்பட்டியலைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடுவார். இங்கே சொல்லப்பட வேண்டியது திசை. பிறர் தளத்திலிருந்து நம் தளத்துக்கு வருவது என்பதே கருத்து. செல்விருந்து, வருவிருந்து என்று குறளில் வரும் வினைத்தொகை இணையைப் பின்பற்றி, நம்மிடமிருந்து போவதைச் ‘செல்தொடுப்பு’ என்றும், நம்மிடம் வருவதை ‘வருதொடுப்பு’ என்றும் சொன்னால் விளக்கவுரை வேண்டியதில்லை. ‘லிங்க்’ என்பதற்குத் ‘தொடுப்பு’ என்றதும் தமிழகத்து நண்பர்கள் சிலர் வேறு பொருள் கொண்டு சிரிக்கக்கூடும்; சிரித்துப் பழகிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். ‘இணைப்பு’ என்ற சொல்லோ மின்சாரம், தொலைபேசி, மடலோடு அனுப்பும் கோப்பு என்று ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்கி நிற்கிறது.

அடுத்தது ‘லிங்க் பில்டிங்’, அதாவது பிறர் தளங்களிலிருந்து நம் தளத்துக்குத் தொடுப்புகள் கிடைக்கச் செய்தல். ‘தொடுப்புக் கட்டமைத்தல்’ என்று பெயர்த்தால், அது தள உரிமையாளர் தானே உட்கார்ந்து கட்டிமுடிக்கும் வேலை என்ற எண்ணத்தை உண்டாக்கும். இத்துறையில் நடக்கும் முறைகேடுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. கூகிளை நிறுவிய லாரி பேஜும் சேர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கி, 1998 இல் கட்டுரையாக வெளியிட்ட ‘பேஜ்ராங்க்’ என்ற பக்கத் தரவரிசை முறையில், ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் தொடுப்பு வாக்கைப் போலக் கணக்கிடப்பட்டது. எல்லா வாக்குகளும் சமமானவை அல்ல. தானே பல தொடுப்புகளைப் பெற்ற பக்கத்தின் வாக்குக்கு நிறை அதிகம்; ஆனால் அதே பக்கம் பலருக்குத் தொடுப்புத் தந்தால் அந்த நிறை அவர்களிடையே பிரிந்துவிடும். இன்றைய தேடுபொறிகள் வேறு பல குறிப்புகளையும் சேர்த்தே தரவரிசை செய்கின்றன என்றாலும், தொடுப்பைத் தருபவர் பிறராக இருக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

‘தொடுப்பு ஈட்டல்’ என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அழகான சொல்தான். ஆனால் நேர்மையான வழியையும் குறுக்கு வழியையும் ஒருங்கே குறிக்கும் பொதுச்சொல் நமக்கு வேண்டும். ஈட்டல் என்பதில் உழைப்பும் தகுதியும் முன்கூட்டியே அடங்கிவிடுகின்றன. நிதி திரட்டல் என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். நல்ல வழியிலும் திரட்டலாம், தீய வழியிலும் திரட்டலாம். ஆகவே ‘தொடுப்புத் திரட்டல்’ பொதுச்சொல்லாகவும், ‘நெறிவழித் தொடுப்புத் திரட்டல்’ சிறப்புச்சொல்லாகவும் இருக்கட்டும். ‘அறவழி’ என்ற சொல் எங்கள் நாட்டில் உண்ணாவிரதத்தையும் சத்தியாக்கிரகத்தையும் நினைவூட்டுவதால் அதைத் தவிர்த்தேன்.

எடுத்துக்காட்டு இல்லாமல் கலைச்சொல் நிலைக்காது என்பதால், வழிகாட்டி நூலின் வரைவில் இதை எழுதியிருக்கிறேன்: பனை உற்பத்திப் பொருள்களை விற்கும் ஒரு சிறிய தளம், ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு) மாவின் கைப்பைப் போக்க அதை எவ்வாறு நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும், ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேறுபாடு என்ன, கூழுக்கு மா எந்தப் பதத்தில் கரைக்கப்பட வேண்டும் என்பவற்றைத் தெளிவான படங்களோடு ஒரே பக்கத்தில் எழுதிவைக்கிறது. ரொறன்ரோவில் சமையற்குறிப்பு எழுதும் ஒருவர், தம் வாசகர்களுக்கு இதையெல்லாம் மீண்டும் விளக்காமல், அந்தப் பக்கத்துக்குத் தொடுப்புத் தருகிறார். அல்லது தள உரிமையாளரே, பழைய மாணவர் சங்கம் ஒன்றின் பக்கத்தில் செயலிழந்துபோன தொடுப்பு ஒன்று இருப்பதைக் கண்டு, அதைத் தெரிவித்து, அதன் இடத்தில் தம் பக்கத்தைப் பரிசீலிக்குமாறு மடல் எழுதுகிறார். இவை இரண்டும் நெறிவழித் திரட்டலே. கேட்பது தவறன்று, விலை பேசுவதே தவறு.

குறைந்த விலைக்கு ஆயிரம் தொடுப்புகள் தருவதாக வரும் மடல்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவற்றுக்கு ‘விலைத்தொடுப்பு’ என்பதே போதும். கூகிள் 2012 ஏப்ரலில் தன் தரவரிசை முறையில் வெளியிட்ட ‘பெங்குவின்’ மாற்றம் இத்தகைய தளங்களைத் தரவரிசையில் கீழே தள்ளியது. அவை அகப்படுவதற்கு ஒரு காரணம், சொடுக்கப்படும் சொற்கள் இயல்புக்கு மாறாக ஒரேமாதிரி இருப்பதாகும். நூறு தளங்களும் ‘யாழ்ப்பாண ஒடியல் மா மலிவு விலை’ என்றே எழுதித் தொடுத்தால் அது யாரோ எழுதிக்கொடுத்தது என்பது வெளிப்படை. அந்தச் சொற்களைக் குறிக்க, ‘ஆங்கர் டெக்ஸ்ட்’ என்பதன் நேர்பெயர்ப்பான ‘நங்கூர உரை’ வேண்டாம். பருத்தித்துறையில் அதைப் படிப்பவர் படகைத் தேடுவார். ‘தொடுப்புச்சொல்’ என்றால் போதும்.

எஞ்சியிருப்பது ‘நோ-ஃபொலோ’. 2005 இல் கூகிள், யாகூ, எம்.எஸ்.என். ஆகிய தேடுபொறிகள் ஏற்றுக்கொண்ட இந்தக் குறியீடு, ‘இந்தத் தொடுப்பை நான் தந்திருந்தாலும் இதற்கு நான் பரிந்துரை செய்யவில்லை’ என்று தேடுபொறிக்குச் சொல்கிறது. 2019 இல் கூகிள் இதைக் கட்டளையாக அல்லாமல் குறிப்பாகவே கொள்ளப்போவதாக அறிவித்து, விளம்பரத் தொடுப்புக்கும் பயனர் இடும் தொடுப்புக்கும் தனிக் குறியீடுகளைச் சேர்த்தது. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளில் இக்குறியீடு இருக்கிறது; ஆகவே தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியில் தம் கடையின் முகவரியைச் செருகுபவர்கள் தரவரிசைக்காக அதைச் செய்வதில் பயனில்லை. ‘பின்தொடராத் தொடுப்பு’ என்ற முன்மொழிவு வாசகர் சொடுக்கினால் போகாது என்று தோன்றச் செய்கிறது. வரைவில் இப்போதைக்குப் ‘பரிந்துரையாத் தொடுப்பு’ என்று இட்டிருக்கிறேன். சற்று நீளம்தான், இதைவிடக் குறுகிய சொல் எவரிடமேனும் இருந்தால், எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றோடு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.