மறு: ‘லேஅவுட் ஷிஃப்ட்’ – ‘பக்க நழுவல்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இணையப் பக்க வடிவமைப்பில் அடிக்கடி நேரும் தவறுகளுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘லேஅவுட் ஷிஃப்ட்’ மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. பக்கத்தில் உள்ளவை நாம் கேட்காமலே திடீரென இடம் மாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என் பரிந்துரை ‘பக்க நழுவல்’. சற்று நீளமாகவே எழுதுகிறேன். பட்டியலில் உள்ள தவறுகளில் வாசகரை மிகுதியாக வதைப்பது இதுதான் என்பது என் கருத்து.

செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறோம். மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து ஏறுகிறது. படித்துக்கொண்டிருந்த வரி கீழே போய்விடுகிறது. படிவத்தில் ‘திரும்பிச் செல்’ என்பதைத் தொடப் போகும்போது அந்த இடத்துக்கு ‘பணம் செலுத்து’ வந்து நின்றால் இன்னும் மோசம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ள முதியவர்கள் ஆகியோருக்கு விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பதே பெரும்பாடு.

> ‘தளவமைப்பு நகர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது, ஆனால் படிப்பவர் வேறொன்றை எண்ணிக்கொள்வார். ‘தளம்’ என்றாலே இப்போது இணையதளம்தான். ‘தளவமைப்பு நகர்வு’ என்று எழுதினால் தளத்தை ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) இன்னொன்றுக்கு மாற்றுகிறோம் என்று நினைக்க இடமுண்டு. ‘நகர்வு’ என்பதிலும் எனக்குத் தயக்கம். பக்கத்தில் நகர்பவை பல: நாம் உருட்டினால் நகரும், மெனுவைத் திறந்தால் கீழுள்ளவை நகரும். அவை தவறுகள் அல்ல.

இந்த வேறுபாட்டை, இத்தவறை அளக்கும் ‘குமுலேட்டிவ் லேஅவுட் ஷிஃப்ட்’ என்ற அளவுகோலே பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். கூகுள் 2020 மே மாதம் அறிவித்த, பக்கத்தின் தரத்தை அளக்கும் ‘வெப் வைட்டல்ஸ்’ அளவுகளில் இதுவும் ஒன்று. வாசகர் ஒரு பொத்தானைத் தொட்ட 500 மில்லிநொடிக்குள் பக்கம் நகர்ந்தால் அது கணக்கில் சேராது. அவர் கேட்டுத்தான் நகர்ந்தது. யாரும் கேட்காமல் நகர்ந்தால் மட்டுமே புள்ளி ஏறும். ஆகவே, வேண்டாத நகர்வு என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘நழுவல்’ அதைச் செய்கிறது. கைநழுவிப் போவதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. விரலுக்குக் கீழிருந்து பொத்தான் நழுவியது என்றால் விளக்கமே வேண்டாம்.

> ‘இடப்பெயர்ச்சி’ பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறதே. ‘இடம்பெயர்வு’ என்றும் சொல்லலாம்.

‘இடப்பெயர்ச்சி’ இயற்பியலில் நன்றாக வேரூன்றிய சொல், ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்பதற்கு உரியது. அதை அங்கேயே விடுவோம். ‘இடம்பெயர்வு’ வேண்டவே வேண்டாம். இலங்கையில் அது போரில் வீடிழந்து போனவர்களைக் குறிக்கும் சொல். ஒரு விளம்பரப் பெட்டி இறங்குவதற்கு அதை எடுத்தாள எனக்கு மனம் வரவில்லை.

‘துள்ளல்’ என்ற பரிந்துரையில் மகிழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சில் பலரும் சொல்லும் ‘பேஜ் குதிக்குது’ உயிருள்ள வழக்கு, பேச்சில் அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘குதிப்பு’ என்று எழுதினால் ஓரிரு வரி மெல்ல இறங்குவதை அது தாங்காது. அந்தச் சிறிய இறக்கம்தான் தமிழ்ப் பக்கங்களில் அடிக்கடி நடப்பது.

> நழுவல் என்றால் ‘ஸ்லைடு’ ஆகிவிடாதா?

ஸ்லைடுக்கு நம்மிடம் ‘சறுக்கு’ இருக்கிறது, சறுக்குமரம் குழந்தைக்கும் தெரியும். விரும்பிச் செய்வது சறுக்குதல், பிடி விட்டுப் போவது நழுவுதல். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அளவின் பெயர். அதிலுள்ள ‘குமுலேட்டிவ்’ (கூட்டிச் சேர்த்த) என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழியில் ‘குவிவு நழுவல்’ என்றும், இலங்கை வழியில் ‘திரள் நழுவல்’ என்றும் இரு பரிந்துரைகள் வந்தன. எனக்கு இரண்டும் வேண்டாம். தொடக்கத்தில் பக்கம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் நடந்த நழுவல்களைக் கூட்டினார்கள். 2021இல் முறையை மாற்றினார்கள்: ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நொடிக்குக் குறைவான இடைவெளியும், மொத்தம் ஐந்து நொடிக்கு மேற்படாத நீளமும் உள்ள கொத்துகளாகப் பிரித்து, அவற்றில் பெரியதை மட்டும் எடுக்கிறார்கள். ஆங்கிலப் பெயர் பழைய முறையிலேயே தங்கிவிட்டது. நாம் ஏன் அதையும் சுமக்க வேண்டும்? ‘நழுவல் எண்’ போதும்.

கணக்கு எளிதுதான். கைபேசித் திரையில் 40 விழுக்காட்டை அடைத்திருந்த ஒரு பத்தி, மேலே விளம்பரம் வந்ததால் திரை உயரத்தில் 20 விழுக்காடு கீழே இறங்குகிறது என்று கொள்வோம். அது முன்பு இருந்த இடமும் இப்போது இருக்கும் இடமும் சேர்ந்து 60 விழுக்காடு. அதை இறங்கிய தொலைவால் பெருக்க வேண்டும்: 0.6 பெருக்கல் 0.2, அதாவது 0.12. நழுவல் எண் 0.1 வரை நல்லது, 0.25ஐத் தாண்டினால் மோசம். ஒரே ஒரு விளம்பரம் இந்தப் பக்கத்தை நல்ல நிலையிலிருந்து இறக்கிவிட்டது.

காரணங்களுக்கும் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் எல்லாம் ஒன்றில்தான் முடிகிறது: பின்னால் வரப்போகும் பொருளுக்கு முன்கூட்டியே இடம் விடாதது. அப்படி முன்கூட்டியே இடம் விடுவதற்கு ‘இட ஒதுக்கீடு’ என்ற பரிந்துரையைக் கைவிட வேண்டுகிறேன், அந்தச் சொல்லின் அரசியல் பொருள் உறுதியானது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான் இங்கே நடப்பதும். ‘இடம்பிடிப்பு’ என்று வைப்போம்.

படத்துக்கு இடம்பிடிப்பது எளிது. அகலத்தையும் உயரத்தையும் பக்கத்தின் எச்.டி.எம்.எல் நிரலில் எழுத வேண்டும், அவ்வளவுதான். கைபேசிக்கேற்ப நெகிழும் வடிவமைப்பு பரவியபோது அந்த இரண்டு எண்களும் பயனற்றவை என்று பலர் விட்டுவிட்டார்கள். 2019 இறுதியில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவற்றிலிருந்தே விகிதத்தைக் கணக்கிட்டு இடம் விடத் தொடங்கின. இன்றும் எண்கள் இல்லாத படங்களைத் தமிழ்த் தளங்களில் பார்க்கிறேன். விளம்பரப் பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் கொடுத்துவிட வேண்டும், விளம்பரம் வராவிட்டாலும் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கட்டும். குக்கி அறிவிப்பு பக்கத்தைத் தள்ளாமல் அதன்மேல் மிதக்க வேண்டும்.

எழுத்துரு வேறு சங்கதி. ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் தமிழுக்குப் போதாது. நம் சொற்கள் நீளம். கைபேசியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தாம் அடங்கும். முதலில் கருவியிலுள்ள எழுத்துருவில் பக்கம் தெரிகிறது, பிறகு இணைய எழுத்துரு வந்து மாறுகிறது. புதியது சற்றே அகலமாக இருந்தாலும் ஒரு முழு நெடுஞ்சொல் அடுத்த வரிக்குப் போகும், பத்தி ஒரு வரி வளரும், பத்துப் பத்தி தாண்டினால் பக்கம் எங்கோ போயிருக்கும். முதலில் தெரியும் கருவி எழுத்துருவின் அளவை, ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ என்ற சி.எஸ்.எஸ். கட்டளை கொண்டு இணைய எழுத்துருவுக்குப் பொருத்தலாம்தான். ஆனால் எந்தக் கருவி எழுத்துருவைக் கணக்கில் கொள்வது? விண்டோஸ் 7 வரை லதா, 8 முதல் நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

எனவே பத்திகளின் எழுத்துக்கு, எழுத்துரு வரும் முறையைத் தீர்மானிக்கும் ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே’ கட்டளையில் ‘ஸ்வாப்’ (வந்ததும் மாற்று) வேண்டாம், ‘ஆப்ஷனல்’ (விருப்பம்) போடுங்கள் என்பேன். எழுத்துரு உடனே வரவில்லை என்றால் அந்த முறை கருவியின் எழுத்துருவே நிற்கும், நழுவல் இருக்காது. அழகு கொஞ்சம் குறையலாம். வாசகர் படிக்கும் வரியைக் காப்பது அதைவிட முக்கியம். தலைப்புக்கு மட்டும் அழகிய எழுத்துரு வேண்டுமானால் முன்கூட்டியே இறக்கச் சொல்லலாம்.

> லைட்ஹவுஸில் (பக்கத்தைச் சோதிக்கும் கூகுள் கருவி) நழுவல் எண் 0 என்றே வருகிறதே, பிறகு ஏன் வாசகர்கள் புகார் செய்கிறார்கள்?

வழக்கமான லைட்ஹவுஸ் சோதனை பக்கம் ஏறும் வரைதான் பார்க்கிறது. கீழே உருட்டும்போது வரும் விளம்பரமும் படமும் அதில் தெரியாது. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் ‘ரெண்டரிங்’ பகுதிக்குப் போய், நழுவும் இடங்களை நிறமிட்டுக் காட்டும் தெரிவை இயக்குங்கள். இணைய வேகத்தையும் குறைத்து வைத்துக்கொண்டு, பக்கத்தை அடிவரை உருட்டிப் பாருங்கள்.

சொல் புழங்குமா என்பதைப் பிழை அறிக்கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்: “முகப்பில் விளம்பரம் ஏறும்போது பக்கம் நழுவுகிறது. நழுவல் எண் 0.31. விளம்பரப் பெட்டிக்கு இடம்பிடிப்பு இல்லை.” எனக்கு இது இயல்பாகவே ஒலிக்கிறது. ‘நழுவாத பக்கம்’, ‘நழுவல் தடுப்பு’, ‘நழுவல் கொத்து’ எல்லாம் சிரமமின்றிக் கிளைக்கின்றன.

பட்டியலைத் தொகுக்கும் நண்பர் ‘பக்க நழுவல்’, ‘நழுவல் எண்’, ‘இடம்பிடிப்பு’ மூன்றையும் வரைவில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். ‘இடம்பிடிப்பு’ என்பதை மட்டும் இலங்கை, மலேசிய நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அங்கே வேறு பொருளில் வழங்கினால் ‘முன்னிடம்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்.