விண்டோஸ் 10 முடிந்தது: 4 ஜிபி ராம் லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

செங்காந்தள்

வணக்கம். ஐ3 ஆறாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை. லினக்ஸ் போடலாம் என்றால் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்குள் அடிப்படையில் என்ன வித்தியாசம்? விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே போட முடியுமா? வேலை இவ்வளவுதான்: பிரவுசர், வேர்டு கோப்புகள், தமிழ்99 தட்டச்சு, யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கோப்புகள் சில, ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர்.

முனையம்

லினக்ஸ் என்பது கர்னல் மட்டும்தான். செயலி, நினைவகம், டிஸ்க், வைஃபை இவற்றையெல்லாம் ஆளும் அடிப்பகுதி அது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன்மேல் க்னூ கருவிகள், டெஸ்க்டாப், பிரவுசர், மென்பொருள் நிறுவும் ஏற்பாடு எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவது டிஸ்ட்ரோ. நீங்கள் சொன்ன நான்கிலும் ஓடுவது அந்தக் கர்னலின் வெவ்வேறு பதிப்புகள்தான்.

பார்க்க வேண்டியது, அப்டேட் எத்தனை காலம் வரும் என்பதை. ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம். டெபியனுக்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்து 5 ஆண்டு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்சுக்கும் 5 ஆண்டு. மின்ட் 22 என்பது எல்டிஎஸ் பதிப்பான உபுண்டு 24.04இன் மேல் கட்டியது, அதனால் 2029 வரை கவலையில்லை. நம் அரசு நிறுவனமான சி-டாக் வெளியிடும் பாஸ் லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியன்தான்.

4 ஜிபி மெஷினில் டிஸ்ட்ரோ பெயரைவிட டெஸ்க்டாப்தான் (திரை, மெனு, ஜன்னல்களைத் தரும் பகுதி) முக்கியம். எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ள மின்ட் பதிப்பைப் போடுங்கள். இன்னொரு டெஸ்க்டாப்பான சின்னமன் பார்க்க அழகு, ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் ராம் மூச்சுமுட்டும். இன்னொன்று: மென்பொருளை வலைத்தளங்களில் தேடி இறக்காதீர்கள். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து போட்டால், சிஸ்டம் அப்டேட்டோடு அதுவும் அப்டேட் ஆகும்.

அரைப்புள்ளி

டிஸ்ட்ரோ விஷயத்தில் முனையம் சொன்னதுதான் சரி. ஆனால் டூயல் பூட்டே (ஒரே டிஸ்க்கில் இரண்டு ஓஎஸ்) வேண்டாம் என்பேன். ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி உள்ளே போட்டு, அதில் மின்ட்டை நிறுவுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் வைத்தால் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். பார்ட்டிஷனைச் சுருக்கும் ஆபத்து இல்லை. அந்த லேப்டாப்பை மெதுவாக்குவதும் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை வைத்துக்கொண்டு எந்த ஓஎஸ் போட்டாலும் பாதிப் பலன்தான்.

செங்காந்தள்

நன்றி. எஸ்எஸ்டி இப்போதைக்கு முடியாது, டூயல் பூட்தான். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கப் பார்த்தால் 600 ஜிபி காலி இருந்தும் 14 ஜிபிதான் தருகிறது. ஏன்?

முனையம்

காலி இடத்துக்கு நடுவில் நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன: பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரெஸ்டோர் பாயின்ட்கள். முதலில் முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். பிறகு ஹைபர்னேஷன், ரெஸ்டோர் பாயின்ட்களை உருவாக்கும் சிஸ்டம் புரொடெக்ஷன், பேஜ் ஃபைல் மூன்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து சுருக்குங்கள். 100 ஜிபி தாராளம். முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஹைபர்னேஷனை நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும், அது நல்லதே. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும், அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் கோப்புகள் சிதையும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை மின்ட் தளத்திலிருந்து இறக்கி, அது பழுதில்லாமல் வந்ததா என்று ஷா256 சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுவிட்டு, ரூஃபஸ் என்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இருந்தால் பென் டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். லெகசி என்ற பழைய முறையில் பூட் செய்து நிறுவினால் இரண்டும் ஒரே மெனுவில் வராது, பலர் மாட்டுவது இங்கேதான். நிறுவும் முன் லைவ் முறையில் (பென் டிரைவிலிருந்தே ஓட்டி) வைஃபை, ஒலி, டச்பேட் பாருங்கள். வைஃபை வராவிட்டால் போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரில் தேடலாம்.

இன்ஸ்டாலரில் விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வு வந்தால் அதுவே போதும். வராமல் கையால் பிரித்தால், காலி இடத்தில் எக்ஸ்ட்4 வகைப் பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, ரூட்டாக (‘/’) குறியுங்கள். ராம் போதாதபோது உதவும் ஸ்வாப் தனியாக வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை அப்படியே பயன்படுத்துங்கள். அதன் ஃபார்மட் கட்டத்தில் டிக் போட்டால் விண்டோஸின் பூட் கோப்புகள் போய்விடும்.

அரைப்புள்ளி

இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் விதம்) இன்டெல் ஆர்எஸ்டியில் இருக்கிறதா பாருங்கள். ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும், ஆனால் விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீலத் திரை. கையொப்பமில்லாத ஓஎஸ்ஸைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய வீடியோக்களை விட்டுவிடுங்கள், மின்ட் அதோடு பூட் ஆகும்.

திரும்ப விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். பதறாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் அதில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் அதையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.

மெய்யெழுத்து

தமிழ்ப் பக்கம் யாரும் தொடவில்லை. கீபோர்டு செட்டிங்கில் தமிழ் லேஅவுட்டை நேரடியாகச் சேர்க்காதீர்கள். அது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற கணக்கு, தமிழ்99இன் தானியங்கிப் புள்ளி வராது. க இருமுறை அடித்தால் ‘கக’ என்றே நிற்கும். தட்டச்சுக் கருவியான ஐபஸ்ஸும், தமிழ் உள்ளிட்ட மொழிகளின் லேஅவுட்டுகள் கொண்ட அதன் எம்17என் பொதியும் போட்டு, லாக்அவுட் செய்து வந்து, அதில் தமிழ்99ஐச் சேர்த்தால் ‘க்க’ சரியாக வரும்.

பாமினி கோப்புகளுக்கு அந்த டிடிஎஃப் கோப்பை ஹோம் ஃபோல்டரில் ‘.ஃபான்ட்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டரில் (பெயரை ஆங்கில எழுத்தில்) போட்டால் லிப்ரே ஆபிஸில் படிக்கலாம். விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைத்த வேர்டு கோப்புகளில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து பக்கங்கள் நகரும். அச்சுக்கு அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

லேசர்ஜெட் 1020க்கு ஹெச்பியின் லினக்ஸ் டிரைவரான ஹெச்பிஎல்ஐபியோடு அதன் தனி பிளகினும் வேண்டும். அந்த பிரிண்டர் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபர்ம்வேரை (அதை இயக்கும் உள்மென்பொருளை) கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும், அது திறமூலம் அல்ல என்பதால் டிஸ்ட்ரோவில் சேர்த்துத் தர முடிவதில்லை. இணையம் இருக்கும்போது ஹெச்பி செட்அப்பை ஓட்டினால் அதுவே இறக்கிக்கொள்ளும். பிரிண்டர் பட்டியலில் தெரிகிறது, ஆனால் தாள் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த பிளகினைத்தான். ஹெச்பிஎல்ஐபியின் பதிப்பு மாறும்போது பிளகினையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.