அட்மினர் ஓட்டை: தவறு யாருடையது?

கயல்:
போன வாரம் ஒரு துணிக்கடையின் தளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருளான மெஜன்டோ 1-இல் ஓடுவது. டேட்டாபேஸை பிரவுசரிலேயே கையாள உதவும் அட்மினர் என்ற கருவியின் கோப்பு, அட்மினர்.பிஹெச்பி, யாரும் திறக்கும்படி வெளியிலேயே கிடந்தது, பதிப்பு 4.6.2. அந்தப் பதிப்பு வரை, தளத்தின் கோப்புகளை வெளியாள் படித்துவிட முடியும். தவறு அட்மினருடையது என்பேன்.

முருகு:
ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே கோப்பு, ஏற்றினால் போதும் என்பதுதானே அதன் அருமை! வேலை முடிந்ததும் அழிப்பது நம் பொறுப்பு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தெரியாமல் எப்படி உள்ளே வருவார்கள்?

கயல்:
அண்ணா, உங்கள் டேட்டாபேஸுக்குள் அவர்கள் வரவே வேண்டாம். லாகின் பக்கத்தில் ‘சர்வர்’ என்று ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதில் தங்களுடைய மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரின் முகவரியைப் போடுவார்கள். பாஸ்வேர்டும் அவர்களுடையதே. இப்போது உங்கள் தளம் அவர்களுடைய சர்வருக்கு கிளையண்ட், அதாவது அதோடு இணைந்து பேசும் பக்கம். ‘லோட் டேட்டா லோக்கல்’ கட்டளை கிளையண்டிடம் இருக்கும் கோப்பை சர்வருக்கு அனுப்பும். மெஜன்டோவின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்.எக்ஸ்எம்எல் கோப்பைக் கேட்டால் போதும், உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் அப்படியே எழுதியிருக்கும். அப்புறம் அதே பக்கத்தில் உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்து, பணம் கட்டும் பக்கத்தில் கார்டு எண் திருடும் ஸ்கிரிப்டைச் செருகுவார்கள். மேஜ்கார்ட் எனப்படும் ஆன்லைன் கார்டு திருட்டுக் கும்பல்கள் இப்படித்தான் செய்தன என்று 2019 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் வில்லெம் டி குரோட் எழுதினார்.

செல்வி:
அப்படியானால் அட்மினரை மட்டும் ஏன் திட்ட வேண்டும்? மாற்றி எழுதப்பட்ட சர்வர் எந்தக் கோப்பையும் கேட்கலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே எச்சரிக்கிறது. அட்மினர் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியில், மைஎஸ்க்யூஎல்லுடன் பேசும் பகுதியான மைஎஸ்க்யூஎல்ஐ இந்த வசதியைத் தானாகவே அணைத்து வைத்தது 7.2.16, 7.3.3 பதிப்புகளில்தான்.

முருகு:
சரி, சர்வர் பெட்டியை நான் யோசிக்கவில்லை. ஆனால் திருத்திய 4.6.3 பதிப்பு 2018-லேயே வந்துவிட்டதே. கடைக்காரர் ஏன் மாற்றவில்லை?

கயல்:
கடைக்காரருக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது, அண்ணா. மெஜன்டோவை அப்டேட் செய்தாலும் அட்மினர் மாறாது. யாரோ டெவலப்பர் ஓர் அவசரத்துக்கு ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தபோது எனக்குப் பதறிவிட்டது. ஒரே ஐபியிலிருந்து அட்மினர்.பிஹெச்பி, அட்மினர்-4.2.5.பிஹெச்பி என்று பெயர் பெயராகத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். லாக் ஒரு மாதத்துக்குத்தான் இருந்தது, அதற்கு முன் என்ன நடந்ததென்று தெரியாது. கோப்பை அழித்து, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.

முருகு:
ஏற்றிய டெவலப்பர்மேல்தான் எனக்கு இன்னும் கோபம். நானும் மூன்று தளங்களில் போட்டிருக்கிறேன். இன்று இரவே எடுத்துவிடுகிறேன்.