புதுப்பிப்பு: கிட்டார் ஒலி தாமதமாக வந்த சிக்கல் தீர்ந்தது

'உண்மையான கிட்டாரைக் கணினியில் இணைத்து வாசிக்கக் கற்றுத்தரும் ராக்ஸ்மித் 2014 விளையாட்டில் கம்பியை மீட்டிச் சற்று நேரம் கழித்தே ஒலி கேட்கிறது, தாளம் பிடிபடவில்லை' என்று போன மாதம் எழுதியிருந்தேன். குற்றம் கிட்டாரில் இல்லை. ஒலி எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் தொலைக்காட்சிக்குப் போய் வந்ததுதான் காரணம். ஹெட்போனை நேரடியாகக் கணினியில் செருகினேன், சரியாகிவிட்டது. வழி சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

விளையாட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம்; இப்போது திரையில் சிவப்பு வந்தால் தடித்த ஆறாம் கம்பிக்கு விரல் தானாகப் போகிறது. கடினமான இடத்தை மட்டும் வேகம் குறைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்க முடிகிறதே, எனக்கு அதுதான் ஆசான். ஆனால் மணிக்கட்டு வளைந்திருப்பதை விளையாட்டு பார்ப்பதில்லை. அதற்குத் தங்கச்சிமடத்தில் ஓர் அண்ணனிடம் ஞாயிறுதோறும் போகிறேன்.

பாம்பன் உப்புக்காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரமே துருப்பிடித்து, விரல்நுனியில் செம்பழுப்புக் கோடு விழுகிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் வைத்துவிடுகிறேன்.